நுனிப்புல் மேய்வது மாடா, ஆடா?

வாசகர் ஒருவரின் கேள்வி:
எதிலும் கொஞ்சம் கை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிற ஆளை இங்கிலீஷில் டிலெட்டான்ட் என்கிறார்கள். தமிழில் அதற்கு நேரான சொல் "நுனிப்புல் மேய்பவர்" என்று அடித்துச் சொல்வேன். அமெச்சூர், கத்துக்குட்டி, அரைகுறை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். மறுப்பவர் உண்டா?

8 பிப்ரவரி 2025, காலை

மறுக்கிறேன். அடங்காது. ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு இடத்தில் போய்க் குத்துகிறது.

அரைகுறை என்றால் வேலையின் நிலை. பூச்சு முடியாத சுவர் அரைகுறை, பாதியில் விட்ட படிப்பு அரைகுறை. அரைவேக்காடு நேராக ஆளின் மேல் விழுகிற வசை. வெந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பந்திக்கு வந்துவிட்ட சோறு அது. கத்துக்குட்டியில் வசை பாதி, வாஞ்சை பாதி. விளையாட்டுப் பக்கத்தில் "கத்துக்குட்டி அணியிடம் தோல்வி" என்று தலைப்புப் போடுவார்கள். தோற்ற பெரிய அணிக்குத்தான் அதில் குட்டு விழுகிறது. ஜெயித்த குட்டி நாளைக்கு வளர்ந்துவிடும். அமெச்சூர் நம் ஊரில் நாடகத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

நுனிப்புல்லுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. "புத்தகத்தை நுனிப்புல் மேய்ந்துவிட்டு விமர்சனம் எழுதுகிறான்" என்போம். "நுனிப்புல் மேய்ந்து வயலின் வாசித்தான்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. படிப்பது, கேட்பது என உள்ளே வாங்குகிற காரியத்துக்குத்தான் அந்தச் சொல் வருகிறது. செய்துபார்க்கிறவனை "சும்மா கை வைத்துப் பார்த்தான்", "விளையாட்டுக்குத் தொட்டான்" என்கிறோம். டிலெட்டான்ட் படம் வரைவான், பிடில் வாசிப்பான், சிலை வாங்கி வைப்பான். அத்தனையையும் புல் தின்பதில் அடைக்க முடியாது.

8 பிப்ரவரி, இரவு

காலையில் எழுதியதில் விட்டுப்போனது. டிலெட்டான்ட் பிறக்கும்போது வசையாகப் பிறக்கவில்லை. மகிழ்வதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கலையில் மகிழ்கிறவன், அவ்வளவுதான். 1734இல் லண்டனில் பணக்கார இளைஞர்கள் ஒரு சங்கம் வைத்துத் தங்களுக்குத் தாங்களே டிலெட்டான்டி என்று பேர் சூட்டிக்கொண்டார்கள். குடியும் கும்மாளமும் அங்கே இருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சங்கத்தார் ஆதரவோடுதான் ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இருவர் ஏதென்ஸின் பழங்கட்டடங்களைத் தூண் தூணாக அளந்து வரைந்து, 1762இல் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். மகிழ்கிறவர்கள் கையில் அளவுகோலும் இருந்தது.

பொருளை வைத்துப் பார்த்தால் அந்தப் பழைய டிலெட்டான்ட்டுக்கு நம்மிடம் நேரான சொல் ரசிகர். ரசம், சுவை, மகிழ்ச்சி எல்லாம் அதில் வந்துவிடுகிறது. அங்கே அந்தச் சொல் மரியாதை இழந்து வசையானது. இங்கே ரசிகர் மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறார். கச்சேரியில் மூன்றாவது வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி இருப்பார். பாடத் தெரியாது. பாடகர் ஒரு சங்கதியில் தடுமாறினால் அவர் விரல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அவரை நுனிப்புல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

9 பிப்ரவரி

"மாடு நுனிப்புல் மேய்ந்தால் வயிறு நிறையாது, அதனால் வந்த சொல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாடு மேய்வதைக் கிட்ட இருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எங்கள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, காங்கேயம் பக்கம் கொறங்காடு இருந்தது. தெரியாதவர்களுக்கு: மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த மானாவாரிக் காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காட்டைத் துண்டு துண்டாக அடைத்து, ஒரு துண்டில் மேய்ந்தபின் மாடுகளை அடுத்ததற்கு மாற்றுவார்கள். பள்ளிக்கூட லீவில் எனக்கு அங்கேதான் வேலை.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. புல்லைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்ட அதனால் முடியாது. நாக்கை நீட்டும். சொரசொரப்பான அந்த நாக்கு ஒரு கொத்துப் புல்லைச் சுற்றி வளைத்து வாய்க்குள் இழுக்கும். கீழ்ப்பல்லும் மேல் ஈறும் பிடித்துக்கொள்ள, தலையை ஒரு வெட்டு வெட்டும். "சரக்" என்று அறும். சாயங்காலக் காட்டில் வேறு சத்தம் இல்லாதபோது பத்து மாடு மேய்கிற அந்தச் "சரக் சரக்" தூரத்து மழை மாதிரி கேட்கும். நாக்கால் சுற்றிப் பிடிக்கக் கொஞ்சம் உயரம் வேண்டும் என்பதால், மாடு எப்போதும் மேல்பாகத்தைத்தான் முதலில் எடுக்கும். மண்ணை ஒட்டிக் கறும்புவது செம்மறி.

ஒருநாள் நான், "மாடெல்லாம் நுனிப்புல் மேயுதுங்க அப்பாரு" என்று புகார் சொன்னேன். வாத்தியார் வகுப்பில் அந்த வாரம்தான் எங்களைத் திட்டியிருந்தார். அப்பாரு சொன்னது: "நுனிய மேயுதுன்னா காட்டுல புல்லு கெடக்குதுன்னு அர்த்தம் சாமி. மண்ணக் கடிச்சா தான் கவலப்படோணும்."

ஆகவே கேள்வி கேட்டவரே, மாட்டின் மேல் பழி போடாதீர்கள்.

11 பிப்ரவரி

இரண்டு நாளாக இதே நினைப்பு. நேற்று ராத்திரி நன்னூல் பாயிரத்தை எடுத்தேன். எடுத்தது நல்லதாயிற்று, இந்தப் பேச்சுக்கான சாவி அங்கே கிடக்கிறது. பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் கொங்கு நாட்டில் சொல்லிக்கொள்வோம். மாடும் ஆடும் அவர் சூத்திரத்துக்குள் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

"அன்னம் ஆவே மண்ணொடு கிளியே
இல்லிக் குடமா டெருமை நெய்யரி
அன்னர் தலையிடை கடைமா ணாக்கர்."

அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிகட்டும் நெய்யரி நாலும் கடை. பசுவுக்கும் ஆட்டுக்கும் நடுவே எத்தனை தூரம் பாருங்கள்!

உரைகாரர்கள் சொல்லும் காரணம் இது. பசு நிறையப் புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் படுத்து, தின்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். ஆடு ஒரே செடியில் தழை மண்டிக் கிடந்தாலும் அங்கேயே நின்று தின்னாது. இரண்டு கடி, அடுத்த செடி. இரண்டு கடி, அதற்கடுத்த செடி.

கொறங்காட்டில் வெள்ளாடு கிளுவை வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்து, பின்னங்காலில் எழுந்து நின்று கொழுந்தை மட்டும் கிள்ளும். எட்டாததற்குத்தான் ஆசைப்படும். காலடியில் கிடக்கும் புல்லை மோந்துகூடப் பார்க்காது. நாம் "நுனிப்புல்" என்று திட்டும்போது மனதில் இருக்கும் படம் அந்த ஆடுதான். ஆடு பெரும்பாலும் தின்பது தழை என்பது வேறு கதை. இங்கிலீஷில் பிரவுஸ் என்ற சொல்லும் விலங்குகள் தளிர் கடிப்பதில் பிறந்ததுதான். இணையத்தில் பொழுது போக்குவதை நாம் "நெட்டில் மேய்ந்தேன்" என்கிறோம். எல்லா ஊர் ஆடும் ஒரே மாதிரிதான் மேய்ந்திருக்கிறது.

9ஆம் தேதிக் குறிப்பில் உயரத்தையே பேசிக்கொண்டிருந்தேன், நுனியா அடியா என்று. இப்போது பார்த்தால் முக்கியம் மேய்ந்தபிறகு நடப்பது. படுத்துக்கொண்டு அசைபோடுகிறதா, அடுத்த செடிக்கு ஓடுகிறதா?

12 பிப்ரவரி

அசைபோடுவதை எண்ணியிருக்கிறீர்களா? நான் எண்ணியிருக்கிறேன். செவலைப் பசு ஒன்று, வெள்வேல நிழலில் படுத்திருந்தது. ஐம்பத்திரண்டு மெல்லல். தாடை இடமிருந்து வலமாக, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல். பிறகு ஒரு விழுங்கல், கழுத்தில் மேடு இறங்கும். மூச்சு விடும் நேரம் அசையாமல் இருக்கும். உடனே அடுத்த கவளம் கழுத்துக்குள் உருண்டு ஏறி வரும், தோலுக்கு மேலேயே தெரியும். மறுபடி நாற்பத்தெட்டு. ஒரு மாடு நாளில் ஏழெட்டு மணி நேரம் இப்படி மெல்லும். மேய்கிற நேரத்துக்கு ஏறக்குறைய ஈடு.

12 பிப்ரவரி, பிறகு

கத்துக்குட்டி என்பது கன்றுக்குட்டியின் திரிபா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. கற்றுக்குட்டி, பேச்சில் கத்துக்குட்டி. கன்றுக்குட்டி பேச்சில் கன்னுக்குட்டி. வழி வேறு. ஆனால் கேள்வி அசட்டுக் கேள்வி கிடையாது. கன்று சில இடங்களில் கற்று என்றே மாறும். கன்றையுடைய ஆ, கற்றா. திருவாசகத்தில் "கற்றாரை யான்வேண்டேன் கற்பனவும் இனியமையும்" என்று படிப்பையே தள்ளிவைத்துவிட்டு, அதே பாட்டின் கடைசி அடியில் "கற்றாவின் மனம்போலக் கசிந்துருக வேண்டுவனே" என்கிறார் மாணிக்கவாசகர். கற்றாரும் கற்றாவும் ஒரே பாட்டில். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கிறது.

15 பிப்ரவரி

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று ஒருவர் கேட்டார். சொல்லிவிடுகிறேன்.

நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன். சில வருடங்களுக்கு முன் கல்வெட்டு வாசிக்கக் கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரம். எட்டாவது வாரம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஆசிரியர் வடக்குச் சுவரில் மைப்படி எடுத்துக்கொண்டிருந்தார். கல்லைத் தேங்காய் நார்ப் பிரஷால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்ட வேண்டும். காய்ந்தபின் மைப்பொட்டணத்தால் ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழுந்து வரும். நான் அங்கே நிற்கவில்லை. தெற்குச் சுவருக்கு வந்துவிட்டேன், தனியாக ஏதாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று.

அடிவரிசைக் கல்லில் ஒரு துண்டு. முன்னும் பின்னும் சுண்ணாம்பு. நடுவே ஆறு, ஏழு எழுத்து. பழைய எழுத்தில் மெய்க்குப் புள்ளி இருக்காது என்று எனக்குத் தெரியும், வகுப்பில் படித்திருந்தேன். "சரவர மூவர" என்று படித்தேன். கடைசி ரகரத்துக்கு நானே ஒரு புள்ளி வைத்து "மூவர்" ஆக்கினேன். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "என்னங்க எழுதியிருக்கு?" என்றார் ஒருவர். "சரவரர் மூன்று பேர் இந்தக் கோயிலுக்குத் தானம் கொடுத்திருக்கிறார்கள்" என்றேன். சொல்லும்போது என் குரல் கணீரென்று இருந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் உடன் படித்த அக்காவிடம் காட்டினேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, தேய்ஞ்ச கல்லில ரகரமும் துணைக்காலும் ஒண்ணுபோலத் தெரியும். இது சாவா மூவா. அடுத்து சுண்ணாம்புக்குள்ள பேராடுன்னு இருக்கும்."

சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு நெய் கிடைக்க ஆடுகளைத் தானமாக விடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினமும் ஒரு உழக்கு நெய். பத்துக் கல்வெட்டு படித்தவர்கள்கூட இந்தத் தொடரைத் தூக்கத்தில் சொல்வார்கள். நான் இரண்டுதான் படித்திருந்தேன்.

பிழை அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் அந்த ஊர்ப் பையன் ஒருவன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். கோயில் வாசலில் பிளக்ஸ். "சரவர மூவர் திருப்பணி செய்த திருக்கோயில்". இல்லாத மூன்று பேருக்கு என் வாயிலிருந்து உயிர் வந்துவிட்டது.

16 பிப்ரவரி

"அப்படியானால் தொழில்முறை ஆய்வாளர் தவிர யாரும் கல்லைத் தொடக்கூடாது என்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: ஐயோ, இல்லை. அந்த முடிவுக்குப் போய்விடாதீர்கள்.

ஐராவதம் மகாதேவனை எடுங்கள். 1954இல் ஐ.ஏ.எஸ். அதிகாரியானவர். கல்வெட்டு அவருக்குச் சம்பளம் தந்த வேலை கிடையாது. 1960களில் கரூருக்குப் பக்கத்துப் புகளூரில், ஆறுநாட்டான் மலைக் குகைக்கல்லைப் படித்துச் சேர அரசர் மூன்று தலைமுறையை வெளியே கொண்டுவந்தார்: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. அவர் படித்ததும் ஒரு "மூவர்" தான். அந்த மூவர் உண்மையில் இருந்தார்கள். அதற்கப்புறமும் அவர் அசைபோடுவதை விடவில்லை. 1990களில் மறுபடியும் குகை குகையாக ஏறி எழுத்தைச் சரிபார்த்தார். பெரிய நூல் 2003இல்தான் வந்தது. முதல் வாசிப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது வருடம்!

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், அரசாங்கக் கணக்கு வேலை, பிறகு வக்கீல், புதுக்கோட்டையில் நீதிபதி. அதன் இடுக்கில்தான் ஏடு தேடி வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887 என்று அச்சுக்குக் கொண்டுவந்தார். கணக்கு எழுதிய கை என்பதால் எனக்கு அவர்மேல் கூடுதல் பிரியம்.

பிழைப்பு வேறு, பற்று வேறு என்று இருந்தவர்கள் இவர்கள். இவர்களை டிலெட்டான்ட் என்றால் 1734இன் அர்த்தத்தில் சொல்லுங்கள், சரிதான்.

20 பிப்ரவரி

அமெச்சூர் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

1891இல், பதினெட்டு வயதில், பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிறகு வக்கீலானார், நீதிபதியும் ஆனார். சபையில் நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். சாயங்காலம் ஒத்திகை, காலையில் கோர்ட்டு. காசுக்கு நடிக்கவில்லை என்பதே அவர்கள் பெருமை. அமெச்சூர் நாடகம் என்ற சொல் இப்படித்தான் தமிழில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடமாடியது. பின்னாளில் ஆபீஸ் முடிந்து ஓடிவந்து சபா மேடையில் ஏறியவர்களும் தங்களை அமெச்சூர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அதே காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு ஆடியவரை ஊர் எப்படி அழைத்தது? கூத்தாடி. ராத்திரி முழுக்க ஆடி, அடவு தப்பாமல், நூற்றுக்கணக்கான பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தவர் கூத்தாடி. வருடத்துக்கு நாலு நாடகம் போட்டவர் கலை ஆர்வலர். கூத்தாடி என்பது மேலோட்டமானவரைத் திட்டும் "குறைகுடம் கூத்தாடும்" பழமொழியிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு இது வலிக்கிறது. எங்கள் ஊரில் கூத்துக்கு மத்தளம் அடித்தவர் ஒருவர் இருந்தார். விரல் நுனி காய்த்துக் கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கும். அவரை யாரும் வித்வான் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சம்பந்த முதலியார் மேல் எனக்குக் குறை இல்லை. நாடகத்துக்கு நேரம் தவறாமையும் ஒத்திகை ஒழுங்கும் கொண்டுவந்தவர், மனோகரா எழுதியவர். குறை சொல்லின் மேல்தான். ஒருவன் மேலோட்டமா ஆழமா என்று சொல்லவேண்டிய சொற்கள், அவன் காசு வாங்கினானா இல்லையா, எந்தத் தெருக்காரன் என்று அளந்துகொண்டிருக்கின்றன. நுனிப்புல் என்ற சொல்லில் அந்த அழுக்கு இல்லை. நீதிபதியானாலும் நுனிப்புல்தான், ஆடு மேய்க்கிறவரானாலும் நுனிப்புல்தான். இந்த ஒரு விஷயத்தில் கேள்வி கேட்டவர் பக்கம் சாய்கிறேன்.

2 மார்ச்

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். சில இடம் மாற்ற வேண்டும்.

நுனிப்புல் உள்ளே வாங்குவதற்கு மட்டும் என்றேன். பொதுவழக்கில் சரி. ஆனால் என் "சரவர மூவர்" கதையில் தப்பு நடந்தது வாங்கியதிலா, வாயைத் திறந்ததிலா? எட்டு வாரத்தில் இரண்டு கல்வெட்டு படித்தது பாவமில்லை, யாரும் அங்கேதான் தொடங்க முடியும். தெரியாததற்கு நானாக ஒரு புள்ளி வைத்தேன், அதை ஊருக்குச் சொன்னேன். "அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்" என்று வள்ளுவர் கண்டிப்பதும் அவைக்குப் போய்ப் பேசுவதைத்தான். கட்டம் போடாமல் காய் உருட்டுகிற மாதிரி. வீட்டில் உட்கார்ந்து நூலின் நுனியைப் புரட்டுகிறவனை அந்தக் குறள் ஒன்றும் சொல்லவில்லை.

நன்னூல் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆசான் சொன்னதை முழுதும் வாங்கிக்கொண்டாலும் கால்பங்குதான் கைவரும். உடன் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. கணக்கு எழுதுகிறவனாக இதை நான் ரசிக்கிறேன். நான் அன்று முதல் காலிலிருந்து நேராகக் கடைசி அரைக்குத் தாண்டிவிட்டேன். நடுக்கால், அதாவது அந்த அக்கா, வண்டியில் திரும்பும்போதுதான் வந்தார்.

இன்னொன்று. "அகல உழுவதை விட ஆழ உழு" என்று இங்கே இருவர் எழுதிவிட்டார்கள். உழவுக்கு நல்ல வாக்கு. மேய்ச்சலுக்குப் பொருந்தாது. புல் வளர்வது அடியிலிருந்து. வளரும் குருத்து மண்ணை ஒட்டி இருக்கிறது. நுனி போனால் இலை கீழிருந்து தள்ளிக்கொண்டு மறுபடி நீளும். அடியோடு கறும்பினால் கட்டை காய்ந்துவிடும். மண்ணை ஒட்டி மேய்கிற மாட்டுக்குக் குடல்புழுவும் ஏறும், புழுக்குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடிப்பாகத்தில்தான் இருக்கும். அப்பாரு காட்டை மாற்றி மாற்றி அடைத்தது இதற்குத்தான். நுனியை மேயவிட்டு, காட்டை ஆறவிட்டு, திரும்ப அதே துண்டுக்கு வருவார். "திரும்ப" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறாள். ஆறு மாதம் கீபோர்டு, ஆறு மாதம் ஜப்பான் மொழி, இப்போது பறவை பார்த்தல். அவள் அம்மா "நுனிப்புல், நுனிப்புல்" என்று கரித்துக்கொட்டுகிறார். போன வாரம் அவள் மொட்டைமாடியில் நின்று, ஒரு குயில் கூவும் சுரம் ஏறிக்கொண்டே போவதைக் கீபோர்டில் தேடிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டாள் என்று நினைத்த கீபோர்டு. நான் வாசலில் நின்று கேட்டேன், மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டாள்.

3 மார்ச்

சிறு திருத்தம். ஆட்டைக் கடை மாணாக்கர் வரிசையில் வைத்தது பவணந்தியார். நான் ஆட்டுக்கு எதிரி இல்லை. ஆடும் படுத்தால் அசைபோடும். ஆடு வளர்ப்பவர் ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வது முற்றிலும் சரி. உவமை ஆடு மேய்கிற நேரத்தை மட்டும் பார்த்திருக்கிறது.

9 மார்ச்

இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து அந்த ஊருக்குப் போகவேண்டும் என்று இருந்தது. நேற்றுப் போய்வந்தேன், அக்காவையும் கூட்டிக்கொண்டு.

பிளக்ஸ் வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சரவரரில் "சர" மட்டும் மிச்சம். தெற்குச் சுவருக்குப் போனோம். அக்கா ஒரு பாட்டில் தண்ணீரைக் கல்லில் மெதுவாக ஊற்றினார். ஈரம் படப்பட எழுத்து கறுத்து எழுந்தது. சாய்வெயிலில் பார்த்தால், நான் ரகரம் என்று படித்த கோடுகளுக்கு மேலே சின்னதாக ஒரு வளைவு இருக்கிறது. விரலை வைத்தால் நகத்துக்குத் தட்டுப்படும். அன்று நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

அன்று கேட்ட அதே பெரியவர் வந்தார். பெயர் கேட்டுக்கொண்டோம். ஆடு வைத்திருப்பவராம், நாற்பது உருப்படி, அதில் பாதி வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, பிடித்தது. நான் சொன்னது தப்பு என்று முதலில் சொன்னேன். மூன்று பேர் கிடையாது, அது ஆடு என்றேன். சாகாத ஆடு, கிழடு தட்டாத ஆடு.

அவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார். "இதுல என்னங்க இருக்கு" என்றார். "வாரத்துக்கு ஆடு புடிச்சா அதான கணக்கு. ஒண்ணு செத்தா குட்டிய வுட்டு எண்ணிக்கைய நேர் பண்ணிரணும். கெழடாச்சுன்னா தள்ளிட்டு எளசு சேக்கணும். குடுத்தவரு எப்ப வந்து எண்ணுனாலும் அதே தொகை நிக்கணும். அப்ப ஆடு சாகலதானே?"

நான் புத்தகத்தில் படித்த விளக்கம் இரண்டு பக்கம் இருக்கும். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிளக்ஸை அவரே அவிழ்த்துச் சுருட்டி, தொழுவத்துக் கூரைக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது கூப்பிட்டு ஒன்று கேட்டார். "ஒரு வெளக்குக்குத் தொண்ணூத்தாறுன்னீங்களே, அதுல கெடா எத்தனை, பெட்டை எத்தனைன்னு போட்டிருக்கா? பெட்டை கொறஞ்சா உழக்கு நெய் நிக்காது."

நோட்டில் எழுதிக்கொண்டேன். வடக்குச் சுவரில் அன்று ஆசிரியர் மைப்படி எடுத்த பகுதிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சுண்ணாம்புக்குள் இருக்கிறது. அடுத்த ஞாயிறு தாள், பிரஷ், மைப்பொட்டணம் எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறோம்.